கல்யாண டிவிடியைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

போன வருடம் சித்தி ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். உள்ளே பதினோரு டிவிடிகள். 2006-இல் நடந்த அவர் கல்யாணம் மட்டும் மூன்று டிஸ்க். மீதி வளைகாப்பு, காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று அந்த வீட்டு விசேஷங்கள் முழுக்க இருந்தன. "எல்லாத்தையும் ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடுத்துடுப்பா, டிவில பாக்கணும்" என்றார். அரை நாள் வேலை என்று நினைத்து வாங்கி வைத்தேன். இரண்டு வாரம் இழுத்தது. முகூர்த்த டிஸ்க்கில், சித்தப்பா தாலியைக் கையில் எடுக்கும் இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிட்டது. கெட்டிமேளச் சத்தம் கிழிந்த மாதிரி ஒரு முறை வந்தது, அதோடு சரி.

இந்த வேலையில் சுலபமான டிஸ்க் எதையும் கற்றுத்தராது, அந்த ஒரு டிஸ்க்தான் கற்றுத்தந்தது. அதனால் இங்கே சுலபமான பகுதிகளை வேகமாகச் சொல்லிவிட்டு, சிக்கலான இடங்களில் கொஞ்சம் நிற்கிறேன்.

முதலில் நகல், அப்புறம்தான் சுருக்கம்

இணையத்தில் தேடினால் "டிஸ்க்கைப் போடு, பட்டனை அழுத்து, எம்பி4 வந்துவிடும்" என்று சொல்லும் மென்பொருள்கள் ஏராளம். அப்படிச் செய்யாதீர்கள். இதில் இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. டிஸ்க்கில் இருப்பதை ஒரு பைட்கூட மாறாமல் ஹார்டு டிஸ்க்குக்கு எடுப்பது ஒன்று. எடுத்ததை டிவியும் செல்போனும் புரிந்துகொள்ளும் வடிவத்துக்கு மாற்றிச் சுருக்குவது இன்னொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் செய்தால், பழைய டிஸ்க்கை மணிக்கணக்கில் சுழலவிட்டு, நடுவில் ஒரு கீறல் வந்தால் மொத்தத்தையும் மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. டிவிடியில் இருப்பது எம்பெக்-2 என்ற பழைய முறையில் ஏற்கெனவே சுருக்கப்பட்ட படம். அதை எச்.264 என்ற புதிய சுருக்க முறைக்கு மாற்றும்போது தரம் கொஞ்சமாவது இறங்கும், ஏறவே ஏறாது. இன்றைக்கு நீங்கள் தேர்ந்தெடுக்கும் அமைப்பு தவறாக இருந்தால், அசல் நகல் கையில் இருந்தால்தான் நாளைக்குத் திருத்த முடியும். ஒரு அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க்கில் இருநூறு டிஸ்க்குக்கு மேல் முழுசாக அடங்கும். ஒரு குடும்பத்தில் அத்தனை டிஸ்க் இருக்கப் போவதில்லை, ஆகவே இடம் போதாது என்ற சாக்கு இங்கே செல்லாது.

டிஸ்க்கில் என்ன இருக்கிறது?

கம்ப்யூட்டரில் போட்டு ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். "வீடியோ_டிஎஸ்", "ஆடியோ_டிஎஸ்" என்று இரண்டு ஃபோல்டர்கள் இருந்தால் அது முறையான வீடியோ டிவிடி. ஆடியோ_டிஎஸ் காலியாக இருக்கும். பதற வேண்டாம், சத்தம் எங்கும் போகவில்லை. படமும் ஒலியும் சேர்ந்தே வீடியோ_டிஎஸ்-க்குள் "விஓபி" என்ற ஃபைல்களில் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு ஜிபிக்கு உட்பட்டதாகத் துண்டு துண்டாக வெட்டப்பட்டிருக்கும். கூடவே இருக்கும் "ஐஎஃப்ஓ" ஃபைல்கள் எந்தத் துண்டு எங்கே தொடங்குகிறது, மெனு எங்கே போகிறது என்ற வழிகாட்டிப் பலகைகள். "பியூபி" என்பவை அந்தப் பலகைகளின் மாற்று நகல்கள்.

சில ஸ்டுடியோக்கள் இப்படிச் செய்யாமல், வெறும் எம்பி4 அல்லது ஏவிஐ ஃபைலை டிஸ்க்கில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அப்படியானால் அந்த ஃபைலைக் காப்பி செய்தால் போதும், மீதிக் கட்டுரையை விட்டுவிடலாம்.

"எம்பெக்ஏவி" என்ற ஃபோல்டர் தெரிந்தால் அது டிவிடியே இல்லை, விசிடி. 2000-ஐ ஒட்டிய கல்யாணங்கள் பலவும் அதில்தான் இருக்கின்றன. உள்ளே இருக்கும் "டேட்" ஃபைலை அப்படியே இழுத்து ஹார்டு டிஸ்க்கில் போட்டால் விஎல்சி பிளேயர் ஓட்டிவிடும். 352-க்கு 288 புள்ளி அளவுள்ள படம், பெரிய டிவியில் பஞ்சு மாதிரிதான் தெரியும். அதற்கு மருந்து கிடையாது.

ஒன்றுமே தெரியாமல் காலி டிஸ்க் என்று கம்ப்யூட்டர் சொன்னால், உடனே தூக்கிப் போட வேண்டாம். கேம்கார்டரில் நேரடியாகப் பதிவாகும் 8 சென்டிமீட்டர் குட்டி டிவிடிகளில் இது அடிக்கடி நடக்கும். பதிவு முடிந்ததும் "ஃபைனலைஸ்" செய்யாவிட்டால், அதாவது பதிவை முறையாக முடித்து மூடாவிட்டால், அந்தக் கேமராவைத் தவிர வேறு எதுவும் பெரும்பாலும் அதைப் படிக்காது. கேமரா உயிரோடிருந்தால் அதிலேயே போட்டு ஃபைனலைஸ் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஐசோபஸ்டர் போன்ற மீட்பு மென்பொருள்தான் வழி. முக்கியமான எச்சரிக்கை: இந்தக் குட்டி டிஸ்க்கை, வாயில் உறிஞ்சிக்கொள்ளும் வகை டிரைவில் போடவே கூடாது. உள்ளே மாட்டிக்கொள்ளும். தட்டு வெளியே நீளும் டிரைவ்தான் அதற்குச் சரி.

டிரைவும் துணியும்

இப்போதைய லேப்டாப்களில் டிவிடி டிரைவ் வருவதில்லை. யூஎஸ்பியில் மாட்டும் வெளி டிரைவ் போதும். அதை லேப்டாப்பிலேயே நேராக மாட்டுங்கள். மலிவான யூஎஸ்பி ஹப் வழியாக மாட்டினால் மின்சாரம் போதாமல் டிஸ்க் சுழன்று நின்று, சுழன்று நிற்கும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று நான் ஒதுக்கி வைத்த ஒன்று, ஹப்பைக் கழற்றியதும் ஒழுங்காக ஓடியது.

பழைய டெஸ்க்டாப்பில் இருக்கும் டிரைவை இளக்காரமாக நினைக்காதீர்கள். கீறல் டிஸ்க்குகளைப் படிப்பதில் டிரைவுக்கு டிரைவ் வித்தியாசம் உண்டு. ஒன்று திணறும் இடத்தை இன்னொன்று சாதாரணமாகத் தாண்டிவிடும். தெரிந்தவர் வீட்டில் தூசி படிந்து கிடக்கும் கம்ப்யூட்டர் இந்த வேலைக்குப் பெரிய சொத்து.

துடைப்பதற்கு மென்மையான பருத்தித் துணி. நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. தகவல் வட்டப் பாதையில் எழுதப்பட்டிருப்பதால், அதே வட்டத்தில் விழும் கீறல் நிறைய தகவலைத் தொடர்ச்சியாக விழுங்கிவிடும். குறுக்கே விழும் கீறலை டிரைவின் பிழைதிருத்தம் சமாளித்துக்கொள்ளும். எண்ணெய்க் கை பட்டிருந்தால் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கழுவி, ஈரம் போகக் காயவிட்டுப் போடலாம். பற்பசை போட்டுத் தேய்க்கச் சொல்லும் வைத்தியம் எல்லா ஊரிலும் உண்டு. என் டிஸ்க்கில் நான் செய்ய மாட்டேன்.

டிவிடி 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளை ஒட்டிச் செய்தது. தகவல் இரண்டுக்கும் நடுவே இருப்பதால், மேல்பக்கக் கீறலுக்கு சிடி அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. வீட்டில் எழுதும் டிவிடியில் தகவலைத் தாங்குவது ஒரு சாயம். வெயிலும் வெக்கையும் அந்தச் சாயத்தின் எதிரிகள், இதைத் துணியால் துடைத்துச் சரிசெய்ய முடியாது. மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறைப் பரணில் வைத்த டிஸ்க்குகளை முதலில் எடுங்கள். மற்றவை வரிசையில் காத்திருக்கட்டும்.

இமேஜ் எடுப்பது

டிஸ்க் முழுவதையும் ஒரே ஃபைலாக எடுப்பதற்கு ஐஎஸ்ஓ இமேஜ் என்று பெயர். மெனு, அத்தியாயங்கள் உட்பட எல்லாம் அதற்குள் இருக்கும்.

விண்டோஸில் நான் பயன்படுத்துவது இம்க்பர்ன். 2013-க்குப் பிறகு புதிய பதிப்பு வரவில்லை, ஆனாலும் வேலை பழுதில்லை. திறந்ததும் வரும் படங்களில் "டிஸ்க்கிலிருந்து இமேஜ் ஃபைல் உருவாக்கு" என்ற பொருளில் உள்ளதை அழுத்துங்கள். எங்கே சேமிக்க வேண்டும் என்று காட்டுங்கள். படிக்கும் வேகத்தைப் பழைய டிஸ்க்குக்கு 4 மடங்காகக் குறையுங்கள். டிவிடியில் ஒரு மடங்கு வேகம் என்பது நொடிக்குச் சுமார் 1.4 எம்பி, 4 மடங்கில் நிரம்பிய டிஸ்க் ஒன்றுக்குக் கால் மணி நேரம் போல ஆகும். இந்த வகை இலவச மென்பொருள்களை நிறுவும்போது வேறு ஏதேதோ சேர்த்து நிறுவக் கேட்டால் "வேண்டாம்" என்று சொல்லத் தயங்காதீர்கள். அடுத்து, அடுத்து என்று கண்ணை மூடி அழுத்தும் பழக்கம் இங்கே ஆகாது.

மேக்கில் தனியாக எதுவும் தேவையில்லை. டிஸ்க் யுட்டிலிட்டியில் டிவிடியைத் தேர்ந்து, "புதிய இமேஜ்" என்பதில் "டிவிடி/சிடி மாஸ்டர்" வடிவத்தைச் சொன்னால் "சிடிஆர்" என்று முடியும் ஃபைல் வரும். பெயரின் வாலை "ஐஎஸ்ஓ" என்று மாற்றினால் போதும். லினக்ஸில் "டிஸ்க்ஸ்" என்ற மென்பொருளிலேயே இமேஜ் உருவாக்கும் வசதி உண்டு.

எடுத்து முடித்ததும் விஎல்சியில் அந்த ஐஎஸ்ஓவைத் திறந்து ஆரம்பம், நடு, கடைசி மூன்றையும் பாருங்கள். கடைசியை நிச்சயம் பாருங்கள். ஒரு அடுக்கு டிஸ்க்கில் எழுத்து உள்வட்டத்தில் தொடங்கி வெளி ஓரத்தில் முடிகிறது. விரல் படுவதும், ஈரம் புகுவதும் அந்த ஓரத்தில்தான்.

தாலி கட்டும் இடம் நின்றுவிட்டால்

சித்தியின் டிஸ்க்குக்கு வருவோம். 61 சதவீதத்தில் டிரைவ் கரகரவென்று முனகத் தொடங்கியது. முதல் பாடம்: அங்கேயே பிடிவாதமாகத் திரும்பத் திரும்ப முயலாதீர்கள். நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடத்துக்குக் கடைசியில் வர வேண்டும்.

இதற்கென்றே இருப்பது ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ. லினக்ஸ் மென்பொருள், விண்டோஸ் கம்ப்யூட்டரிலும், ஒரு பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவை ஏற்றி அதிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கினால் பயன்படுத்தலாம். கட்டளைச் சாளரத்தில் இதற்குச் சொல்ல வேண்டியவை நான்கு: ஒரு செக்டரின் (டிஸ்க்கில் தகவல் எழுதப்படும் சிறு துண்டின்) அளவு 2048 பைட், டிரைவின் பெயர், உருவாக்க வேண்டிய இமேஜின் பெயர், கடைசியாக மேப் ஃபைலின் பெயர். இந்த மேப் ஃபைல்தான் இதன் உயிர். எந்த செக்டர் கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று அதில் குறித்துக்கொண்டே போகும். நடுவில் கரண்ட் போனாலும், நீங்களே நிறுத்தினாலும், மறுநாள் அதே மேப் ஃபைலோடு தொடங்கினால் விடுபட்டவற்றை மட்டும் தேடும்.

அதனால்தான் டிரைவ் மாற்றும் தந்திரமும் வேலை செய்கிறது. முதல் டிரைவில் முடிந்தவரை எடுத்தேன். அதே இமேஜ், அதே மேப் ஃபைலோடு டிஸ்க்கைப் பழைய டெஸ்க்டாப்பின் டிரைவுக்கு மாற்றினேன். விடுபட்டதில் பாதிக்குமேல் அங்கே வந்துவிட்டது. மிச்சம் வரவில்லை.

அப்போதுதான் அம்மா ஒரு வார்த்தை சொன்னார்: "மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒரு செட் குடுத்தாங்களே." கல்யாண டிவிடியின் பெரிய பலம் இது. ஸ்டுடியோக்காரர் ஒரே மாஸ்டரிலிருந்து பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, சில சமயம் தாய்மாமனுக்கு ஒன்று என்று எழுதிக் கொடுப்பார். எல்லாமே கெட்டிருந்தாலும், ஒரே இடத்தில் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. இரண்டும் ஒரே மாஸ்டரா என்று அறிய, விஓபி ஃபைல்களின் அளவைக் கடைசி பைட் வரை ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால் இரண்டாவது டிஸ்க்கைப் போட்டு, பழைய மேப் ஃபைலோடு டிடிரெஸ்க்யூவை ஓட்டலாம். ஓட்டைகளை மட்டும் இதிலிருந்து நிரப்பிக்கொள்ளும்.

லினக்ஸ் பக்கமே போக விருப்பமில்லாதவர்களுக்கு நாட்டு வழி ஒன்றும் உண்டு. வீடியோ_டிஎஸ் ஃபோல்டரில் இருக்கும் ஃபைல்களை ஒவ்வொன்றாகக் காப்பி செய்யுங்கள். எந்த விஓபியில் நிற்கிறதோ, அந்த ஒன்றை மட்டும் இன்னொரு வீட்டு டிஸ்க்கிலிருந்து எடுத்து அதே பெயரில் போடுங்கள். ஐஎஸ்ஓ ஃபைல் இல்லாமல் ஃபோல்டராக இருந்தாலும் மாற்றும் மென்பொருள் ஏற்றுக்கொள்ளும்.

எங்கள் விஷயத்தில் இரண்டு வீட்டு டிஸ்க்கும் சேர்ந்து எல்லாவற்றையும் கொடுத்துவிட்டன, இரண்டு இடங்களைத் தவிர. அந்த இரண்டும் விருந்துக் காட்சியில்; யாரோ பாயசம் ஊற்றும்போது படம் ஒரு கணம் சிதறும். டிவிடி பிழைதிருத்தம் 32 கிலோபைட் தொகுதிகளாக நடக்கிறது. ஒரு தொகுதி போனால் சராசரியாக ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்குதான் போகும். ஆனால் நம் ஊர் டிவிடிகளில் ஒவ்வொரு படமும் முந்தைய படத்தைச் சார்ந்து, அதிகபட்சம் 15 படங்கள் கொண்ட கூட்டமாக எழுதப்படுவதால், அந்தக் கூட்டம் முடியும்வரை சிதறல் நீளும். அதாவது அரை நொடி சொச்சம். சில செக்டர்கள் வரவில்லை என்று டிடிரெஸ்க்யூ சொன்னால் தலையில் கைவைத்து உட்கார வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஹேண்ட்பிரேக்கில் மாற்றுவது

மாற்றும் வேலைக்கு ஹேண்ட்பிரேக் போதும். இலவசம், திறந்த மூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். காசு கேட்கும் மாற்றிகளில் வீட்டு டிஸ்க்குக்குத் தேவையான கூடுதல் எதையும் நான் பார்த்ததில்லை. இதன் அதிகாரபூர்வத் தளம் ஹேண்ட்பிரேக் டாட் எஃப்ஆர். வேறு எங்கிருந்தும் இறக்காதீர்கள். 2017 மே மாதம் அவர்களுடைய இறக்கச் சேவையகங்களில் ஒன்றையே யாரோ உடைத்து, மேக் பதிப்புக்குப் பதிலாக உளவு நிரலை வைத்த கதை உண்டு. அதிகாரபூர்வத் தளத்துக்கே அந்தக் கதி என்றால், கண்ட தளங்களைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

திறந்து, ஐஎஸ்ஓ ஃபைலைக் காட்டுங்கள். சிறிது நேரம் அலசிவிட்டு "டைட்டில்" பட்டியலைத் தரும். ஸ்டுடியோவின் மெனுவில் முகூர்த்தம், ரிசப்ஷன் என்று பிரித்திருந்தால் அவை தனித்தனி டைட்டிலாக வரலாம். நேரத்தைப் பார்த்தாலே எது எது என்று தெரிந்துவிடும்.

பிரீசெட் (முன்பே அமைத்து வைத்த தொகுப்புகள்) பட்டியலில் "எச்க்யூ 576பி25 சரவுண்ட்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். நம் ஊர் டிவிடி "பால்" என்ற டிவி முறையில் இருக்கும்: 720-க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 படங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த டிஸ்க் என்றால் 480 வரிசை பிரீசெட். 1080 பிரீசெட்டைத் தேர்ந்தால் படம் தெளிவாகிவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இல்லாத புள்ளியை ஹேண்ட்பிரேக் எங்கிருந்து கொண்டுவரும்? செயற்கை அறிவை வைத்துப் பெரிதாக்கும் மென்பொருள்களையும் ஒரு முறை முயன்று பார்த்தேன். பாட்டியின் முகச்சுருக்கம் எல்லாம் போய், மெழுகு பொம்மை மாதிரி ஆகிவிட்டார். வேண்டாம்.

அடுத்து "டைமன்ஷன்ஸ்" பக்கம். ஓரக் கறுப்பைத் தானாக வெட்டும் வசதி அங்கே இருக்கிறது. இருட்டு மண்டபக் காட்சிகள் நிறைய இருந்தால் இது ஏமாந்து, படத்தையே வெட்டிவிடக்கூடும். முன்னோட்டம் பார்த்து, சந்தேகமென்றால் வெட்டவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இனி வருவதுதான் பெரும்பாலான வழிகாட்டிகள் தாண்டிப் போகும் இடம். பழைய கேம்கார்டர் ஒரு படத்தை ஒரே வீச்சில் எடுப்பதில்லை. ஒற்றைப்படை வரிகளை ஒரு கணத்திலும், இரட்டைப்படை வரிகளை நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு கழித்தும் எடுக்கும். பழைய குழாய் டிவியில் இது கண்ணுக்குத் தெரியாது. இன்றைய டிவியில் இரண்டு கணங்களும் ஒரே படத்தில் மாட்டிக்கொண்டு, அசைகிற பொருளின் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி தெரியும். சோதிக்கச் சிறந்த இடம் தவில்காரரின் கை. அடுத்தது அட்சதை தூவும் காட்சி.

"ஃபில்டர்ஸ்" பக்கத்தில் பிரீசெட் ஏற்கெனவே "டிகோம்ப்" போட்டிருக்கும். சீப்புப் பல் தெரியும் படங்களை மட்டும் அது சரிசெய்து, நொடிக்கு 25 படங்களாகத் தரும். நிறையப் பேருக்கு இதுவே போதும். எனக்குப் போதவில்லை. அசலில் நொடிக்கு ஐம்பது கணங்கள் இருந்தன, அதில் பாதி போய்விடுகிறது. தவில்காரரின் கை வெட்டி வெட்டி அசைகிறது. அதே இடத்தில் "பிவிடிஃப்" என்பதைத் தேர்ந்து, அதன் உட்பிரிவில் "பாப்" என்று வைத்தால் ஐம்பதும் தனித்தனிப் படமாக மாறும். அன்றைக்கு டிவியில் பார்த்த அதே வழுக்கல் அசைவு திரும்பி வரும். மறக்கக்கூடாத ஒன்று: பிரீசெட் படவேகத்தை 25-இல் பூட்டி வைத்திருக்கும். "வீடியோ" பக்கத்தில் அதை 50 என்று மாற்றாவிட்டால் பாப் போட்டும் பலன் இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு இரவு போயிற்று.

அசைவு முன்னும் பின்னும் துள்ளுகிற மாதிரி இருந்தால், எந்த வரி முதலில் வர வேண்டும் என்ற வரிசையை ஸ்டுடியோவில் எடிட் செய்யும்போது மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். டிஜிட்டல் டேப் கேமராக்கள் கீழ் வரியை முதலில் எழுதும். எடிட் செய்யும் இடத்தில் அதைக் கவனிக்காமல் விட்டால் இந்தத் துள்ளல் வரும். அதே ஃபில்டரின் தனி அமைப்பில் வரிசையைத் திருப்பிச் சொல்லலாம். முழுப்படத்தையும் மாற்றும் முன், ஒரு அத்தியாயத்தை மட்டும் மாற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தரம் "ஆர்எஃப்" என்ற எண்ணில் இருக்கிறது. எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். இந்த அளவுப் படத்துக்கு 18 முதல் 22 வரை என்பது ஹேண்ட்பிரேக் தரப்பின் பரிந்துரை. நான் 19 வைக்கிறேன். என்கோடர் எச்.264. எச்.265 இன்னும் சிறிதாக்கும்தான், ஆனால் பத்து வருடப் பழைய டிவி அதைப் பார்த்து முழிக்கும். கிராஃபிக்ஸ் கார்டு வழியாக வேகமாக மாற்றும் வகைகளும் பட்டியலில் இருக்கும்; அதே தரத்துக்குப் பெரிய ஃபைல் வரும் என்பதால் நான் தொடுவதில்லை.

ஒலிக்கு ஏஏசி, 160 கேபிபிஎஸ், ஸ்டீரியோ. பிரீசெட் இரண்டாவதாக ஒரு சரவுண்ட் தடம் சேர்த்திருந்தால் நீக்கிவிடுங்கள். கேமரா மைக்கில் பதிவான கல்யாணத்தில் ஐந்து ஸ்பீக்கருக்கு என்ன வேலை?

எல்லா டைட்டிலையும் "க்யூ"வில் சேர்த்துவிட்டுத் தூங்கப் போகலாம். லேப்டாப்பைத் தானாக உறங்கவிடாமல் அமைத்து வையுங்கள். சித்தியின் டிஸ்க்குகள் ஒவ்வொன்றும் ஒன்றிலிருந்து இரண்டு ஜிபிக்குள் வந்தன.

தரத்தைத் தொடவே வேண்டாம், ஒரே ஃபைலாக ஓடினால் போதும் என்பவர்களுக்கு மேக்எம்கேவி. விஓபி துண்டுகளை ஒட்டி, சுருக்காமல், எம்கேவி ஃபைலாக்கிவிடும். சில நிமிட வேலை. ஆனால் எம்பெக்-2 அப்படியே இருப்பதால் அளவு குறையாது, செல்போனில் ஓடுவதும் உறுதியில்லை.

யாருடைய உரிமை?

இதுவரை சொன்னது நீங்கள் எடுத்த, அல்லது காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படங்களுக்கு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்துத் தனக்காக எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, முதல் உரிமையாளர் அந்த ஒருவர்தான். ஆகவே சித்தியின் கல்யாண வீடியோ சித்தி வீட்டுடையது. ஆனால் ஸ்டுடியோக்காரர் பின்னணியில் போட்ட சினிமாப் பாட்டு சித்தி வீட்டுடையது ஆகாது. யூடியூபில் ஏற்றினால் உரிமைக் கோரிக்கை வந்து நிற்பது அதனால்தான்.

கடையில் வாங்கிய திரைப்பட டிவிடிகள் தனி விஷயம். பலவற்றில் சிஎஸ்எஸ் என்ற பூட்டு இருக்கும். அதனால்தான் ஹேண்ட்பிரேக் அவற்றை நேரடியாகப் படிப்பதில்லை. உரிமையை மீறும் நோக்கத்தோடு அப்படிப்பட்ட பூட்டை உடைப்பதை அதே சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு குற்றமாக்குகிறது. அமெரிக்காவில் 1998-இலிருந்தே இன்னும் கடுமையான சட்டம் இருக்கிறது. அந்த வேலைக்கு இந்தக் கட்டுரை இல்லை.

பென் டிரைவில் போடும்போது

டிவிக்கான பென் டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32 அமைப்பில் இருக்கும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. இடம் தாராளமாக இருந்தும் "இடம் போதவில்லை" என்கிற மாதிரி மறுத்தால் காரணம் இதுதான். சுருக்கிய எம்பி4-கள் சுலபமாக அடங்கும், ஐஎஸ்ஓ அடங்காது. ஐஎஸ்ஓவைப் பென் டிரைவில் வைத்துத் தரவும் வேண்டாம், அநேக டிவிகளுக்கு அது என்னவென்றே தெரியாது.

ஃபைல் பெயரை எண்ணில் தொடங்குங்கள்: 01 நிச்சயதார்த்தம், 02 முகூர்த்தம், 03 ரிசப்ஷன். டிவி பெயர் வரிசையில்தான் காட்டும். சில டிவிகளில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வரும். அப்போது எண் மட்டுமாவது தெரியும். வெளியூர் உறவுகளுக்கு வாட்ஸாப்பில் அனுப்புவதானால், வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக இணையுங்கள். 2 ஜிபி வரை அப்படியே போகும், வாட்ஸாப் அதை மறுபடி நசுக்காது.

ஐஎஸ்ஓக்கள் ஒரு ஹார்டு டிஸ்க்கில், அவற்றின் நகல் இன்னொரு வீட்டில் இருக்கும் இன்னொரு ஹார்டு டிஸ்க்கில். காப்பி சரியாகப் போனதா என்று பார்க்க, செவன்-ஜிப் மென்பொருளை நிறுவியிருந்தால் ஃபைல்மேல் வலது க்ளிக் செய்து, ஃபைலின் கைரேகை போன்ற ஷா-256 எண்ணை இரண்டு பக்கமும் எடுத்து ஒப்பிடலாம். ஒரு எழுத்து மாறினாலும் மறுபடி காப்பி செய்யுங்கள்.

டிஸ்க்குகளை வீசிவிடாதீர்கள். அவற்றை உறையில் போட்டு, நிமிர்த்தி, பீரோவின் அடித்தட்டில் வைக்கச் சொன்னேன். அந்தப் பாயசக் காட்சிக்குத் தாய்மாமன் வீட்டு செட்டைக் கேட்டிருக்கிறோம். தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், மேப் ஃபைலை நான் இன்னும் அழிக்கவில்லை.